காத்தான் கூத்தைப் படமெடுத்து நூலாக்குவது: முதன்முறை செய்பவர்களுக்கு

போன வருடம் முல்லைத்தீவில் முள்ளியவளைப் பக்கம் ஒரு மாரியம்மன் கோயிலில் விடிய விடிய நடந்த காத்தவராயன் (காத்தான்) கூத்தைப் படமெடுத்து, 48 பக்கத்தில் ஒரு சிறு நூலாக அச்சிட்டேன். நூறு பிரதி. அதைப் பார்த்துவிட்டுப் புதுக்குடியிருப்பிலும் ஒட்டுசுட்டானிலும் இருந்து சில தம்பி தங்கச்சிமார் எப்படிச் செய்வது என்று கேட்டார்கள். எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். கமெராவை மனுவலில் வைக்கத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அண்ணாவியார்

கூத்தன்று இரவு கமெராவோடு போய் நிற்காதீர்கள். கூத்துப் பழகும் நாட்களிலேயே போய், கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரிடமும் கோயில் நிர்வாகத்திடமும் கேளுங்கள். படம் புத்தகத்தில் வரும் என்பதை அப்போதே சொல்லுங்கள். பிறகு ஆடுபவர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள்; பிள்ளைகள் என்றால் தாய் தகப்பனிடம். இரண்டு மூன்று பழக்கத்துக்குப் போனால் இன்னொரு நன்மையும் உண்டு. எந்தப் பாட்டில் யார் எந்தப் பக்கத்தால் வருவார், எங்கே நிற்பார் என்பது உங்களுக்கும் பாடமாகிவிடும்.

கொழும்பில் காஸ்ப்ளே (கதைப் பாத்திரங்களாக வேடமிடும்) விழாக்களில் படமெடுக்கும் என் நண்பன், “வேடம் போட்டவரைக் கேட்காமல் தொடாதே, கேட்காமல் எடுக்காதே” என்பான். இங்கே அதைவிட ஒரு படி கூடுதலாக வேண்டும். பலர் நேர்த்திக்காக, விரதமிருந்து வேடம் கட்டுகிறார்கள். மாரி வேடம் கட்டியவரை “இந்தப் பக்கம் திரும்புங்கோ” என்று நிறுத்தக் கூடாது. யாருக்காவது கலை (சாமி) வந்தால் நான் கமெராவைக் கீழே இறக்கிவிடுவேன்.

லென்ஸ்

50 மில்லிமீற்றர், எஃப் 1.8. பழையது வாங்கினாலும் போதும். கமெராவோடு வரும் கிட் லென்ஸை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள், இரவுக் களரிக்கு அதன் வெளிச்சம் காணாது. பிளாஷ் வேண்டவே வேண்டாம். ஆடுபவரின் கண் கூசும், சரிகையும் கண்ணாடிக் கல்லும் வெள்ளைப் பொட்டாகிப் போகும், முன்னால் பாயில் இருக்கும் சனத்துக்கும் இடைஞ்சல்.

படத்தில் கறுப்புப் பட்டை விழுவது

என்னை விழுத்தியது இதுதான். நண்பனின் மிரர்லெஸ் கமெராவை இரவல் வாங்கிப் போயிருந்தேன். ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் இடம் தந்தார்கள். ‘கிளிக்’ சத்தம் பாட்டைக் குழப்பக் கூடாது என்று சைலன்ற் மோட்டைப் போட்டேன், ஷட்டரை 1/500இல் வைத்தேன். கமெராவின் சின்னத் திரையில் எல்லாம் நன்றாகத்தான் தெரிந்தது. காலையில் கொம்பியூட்டரில் போட்டால், காத்தானின் காதலி ஆரியமாலையின் முகத்துக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை, கீழே இன்னொன்று. முந்நூறுக்கு மேற்பட்ட படங்களில் அப்படி. அன்று வேலைக்குப் போக மனமில்லாமல் இருந்துவிட்டேன். நல்லகாலம், அடுத்த மாதம் அதே குழு இன்னொரு கோயிலில் ஆடியது.

காரணம் இது. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். மலிவான எல்ஈடி விளக்குகள் செக்கனுக்கு 100 தடவை கூடிக் குறைகின்றன. கண்ணுக்குத் தெரியாது. சைலன்ற் மோட்டில் கமெரா படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாக வாசிக்கிறது. 1/500 மிகக் குறுகிய நேரம் என்பதால் சில வரிகள் வெளிச்சம் கூடிய கணத்தையும் வேறு சில வரிகள் குறைந்த கணத்தையும் பிடித்துக்கொள்கின்றன. ஷட்டரை 1/100இல் வைத்தால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு முழுச் சுற்று வெளிச்சம் கிடைக்கும், பட்டை போய்விடும்.

ஆகவே:

1. சைலன்ற் மோட்டை நிறுத்தி, மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றுங்கள்.
2. ஷட்டர் 1/100. அதற்கு மேல் போக வேண்டாம்.
3. எஃப் 2.2, ஐஎஸ்ஓ 3200இல் தொடங்குங்கள். ரோ கோப்பாகவே எடுங்கள்.
4. கூத்துத் தொடங்க முன் விளக்குகளைப் போட்டதும் பத்துப் படம் எடுத்து, பெரிதாக்கிப் பாருங்கள்.

1/100இல் ஆட்டம் அசைந்துபோகாதா என்று கேட்பீர்கள். அசையும். அதற்குத்தான் பழக்கத்துக்குப் போகச் சொன்னேன். காத்தான் சுற்றி வந்து, தாளம் முடியும் இடத்தில் ஒரு கணம் காலை ஊன்றி நிற்பார். அந்த நிற்கும் கணத்துக்கு உங்கள் விரல் காத்திருக்க வேண்டும். இரண்டாம் முறை போனபோது நான் படத்தைப் பார்த்து அழுத்தவில்லை, மிருதங்கத்தைக் கேட்டு அழுத்தினேன்.

பிற்சேர்க்கை: மாங்குளத்துத் தம்பி ஒருவர், 1/100 வைத்தும் மெல்லிய பட்டை வருகிறது என்று எழுதியிருந்தார். விசாரித்ததில் அவர்கள் ஊரில் ஜெனரேற்றர். அதில் சுமை கூடக் குறைய 50 ஹேர்ட்ஸும் ஆடும். அப்படியான இடத்தில் 1/50க்கு இறங்குங்கள். ஆடும் காட்சிகளை விட்டுவிட்டு, நின்று பாடும் காட்சிகளை எடுங்கள். போனில் எடுப்பவர்கள் புரோ மோட்டில் ஷட்டருக்கு இதே எண்களை வைக்கலாம்.

ஒப்பனை முகமும் விடியல் வெளிச்சமும்

பின்னால் கும்மிருட்டு, முன்னால் வெள்ளை முகம். கமெராவின் தானியங்கிக் கணக்கு இருட்டை நம்பி வெளிச்சத்தைக் கூட்டி முகத்தை எரித்துவிடும். முகம் கொஞ்சம் மங்கலாகவே இருக்கட்டும், பிறகு ஏற்றலாம். எரிந்ததை மீட்க முடியாது. ஒப்பனை நடக்கும் இடத்தில் அனுமதி கிடைத்தால் விடாதீர்கள். ஒப்பனைக்காரர் உள்ளங்கையில் முத்துவெள்ளையைத் தேங்காய் எண்ணெய் விட்டுக் குழைத்துக் கன்னத்தில் இழுக்க, காதோரத்திலிருந்து ஒரு வியர்வைத் துளி இறங்கி, வெள்ளையை மெல்லிய கோடாகக் கீறிக்கொண்டு தாடை வரை வந்தது. நூலின் முதல் பக்கத்தில் அந்தப் படம்தான்.

காத்தான் கழுமரம் ஏறும் காட்சி விடியற்புறம் வரும். அந்நேரம் வானம் நீலம், விளக்கு மஞ்சள். வைற் பலன்ஸை ஓட்டோவில் விட்டால் படத்துக்குப் படம் நிறம் மாறும். ஏதாவது ஒன்றில் நிலையாக வைத்துவிட்டு, பிறகு டார்க்டேபிள் என்ற மென்பொருளில் சரிசெய்யுங்கள். அது இலவசம், நான் அதைத்தான் பாவிக்கிறேன்.

பெயர்க் கொப்பி

ஒரே இரவில் காத்தான் வேடத்தைச் சிறுவனிலிருந்து கழுவேறுபவர் வரை பலர் மாறி மாறிக் கட்டுவார்கள். ஒப்பனையோடு பார்த்தால் யார் யார் என்று வீட்டில் இருந்து கண்டுபிடிக்க முடியாது. ஒரு கொப்பியில் நேரம், காட்சி, ஆடுபவரின் முழுப்பெயர் மூன்றையும் அங்கேயே எழுதுங்கள். பிற்பாட்டுக்காரர், ஆர்மோனியம், மிருதங்கம், உடுப்புத் தைத்தவர், திரை பிடித்தவர் பெயர்களும் வேண்டும்.

அச்சகத்துக்குக் கொடுக்குமுன்

ஏ5 அளவு, நடுவில் பின் அடிப்பது மலிவு. பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். ஒரு முழுப்பக்கப் படத்துக்கு 1748க்கு 2480 பிக்சலாவது இருக்க வேண்டும், அதற்கு வெளியே சுற்றிவர 3 மில்லிமீற்றர் வெட்டுக்கு விடுங்கள். திரையில் தெரியும் இருட்டு தாளில் இன்னும் இருளும், ஆகவே நிழல்களைக் கொஞ்சம் ஏற்றிவிடுங்கள். ஒரு பக்கத்தையாவது அதே தாளில் அச்சிட்டுப் பாருங்கள்.

எழுத்தில் கவனம். நான் யூனிகோட்டில் தட்டிய கோப்பைக் கொடுத்தேன். அச்சகத்தில் யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துரு. கோப்பு கட்டம் கட்டமாகத் திறந்திருக்கிறது. எனக்குச் சொல்லாமல் அவர்களே திரும்பத் தட்டிவிட்டார்கள். மூன்று பேருடைய பெயர் பிழை. சின்னான் வேடம் கட்டிய ஐயா தன் பெயரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பக்கத்தைப் புரட்டினார். அந்தத் தாளை மட்டும் திரும்ப அடித்து மாற்றினேன்.

நீங்கள் எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎஃப் ஆகவே கொடுங்கள். இன்டிசைன் என்றால் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் ‘கொ’வின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பெயர்ப் பக்கத்தைத் தாளில் எடுத்து, உரியவர்களிடமே வாசிக்கக் கொடுங்கள்.

நூலுக்கான ஐஎஸ்பிஎன் எண்ணைக் கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் அச்சுக்கு முன்பே எடுங்கள். ஈழத்து நூல்களைச் சேர்த்துவைக்கும் ‘நூலகம்’ இணையத்தளத்துக்கும் பிடிஎஃப் கொடுங்கள். 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டப்படி படத்தின் உரிமை எடுத்தவருக்குத்தான். ஆனாலும் ஆடியவர் “என் படம் வேண்டாம்” என்றால் நூலிலிருந்து நீக்கிவிடுங்கள். இரண்டு பேர் சொன்னார்கள், நீக்கிவிட்டேன்.

பிரதி கொடுப்பது

விற்க முன் ஆடிய எல்லோருக்கும் ஒவ்வொன்று. கழுவேறிய காத்தானின் வீட்டுக்கு நானே கொண்டுபோனேன். அவருடைய தகப்பனும் அதே வேடம் கட்டியவர். 2009இல் இடம்பெயர்ந்தபோது அல்பங்கள் எல்லாம் போய்விட்டன, அவர் ஆடிய ஒரு படம்கூட அந்த வீட்டில் இல்லை. அம்மா புத்தகத்தைச் சாமித்தட்டில், விளக்குக்குப் பக்கத்தில் வைத்தார். அடுத்த முறை போனபோது அட்டை முழுக்க எண்ணெய்க் கைரேகை. இப்போது அட்டைக்கு லமினேற் போடச் சொல்கிறேன். நீங்களும் போடுங்கள்.