இளஞ்சூட்டுக் கடலுக்கும் குளிர்நீருக்கும் ஸ்கூபா ஃபின் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஸ்கூபா ஃபின், அதாவது காற்று உருளையோடு நீருக்கடியில் நீந்துகிறவர்கள் காலில் மாட்டும் துடுப்பு, வாங்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கவனிப்பது தகட்டின் நீளத்தையும் வடிவத்தையும் நிறத்தையும்தான். கால் நுழைகிற பாதக்கூட்டைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள். இந்த வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது. கூட்டுக்குள் வெறுங்கால் போகப்போகிறதா, நியோப்ரீன் என்னும் நுரை ரப்பரால் ஆன மெல்லிய பூட்ஸ் போகப்போகிறதா, நீர் உள்ளே புகாத உடையான டிரை சூட்டின் பருத்த பூட்ஸ் போகப்போகிறதா என்பது முடிவாகிவிட்டால், கடையில் இருக்கும் ஃபின்களில் பல தாமாகவே கழிந்துவிடும். தகட்டைப் பற்றிய யோசனையை மிஞ்சியவற்றோடு வைத்துக்கொண்டால் போதும்.

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தக் கேள்வி சற்றுச் சிக்கலாக வருவதற்குக் காரணம் உண்டு. முட்டம், கடியப்பட்டணம், குளச்சல் பகுதிகளின் பாறைக்கடலில் இறங்கிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களில் சிலர், வேலையின் பொருட்டு அயர்லாந்திலோ இங்கிலாந்திலோ வளைகுடா நாடுகளிலோ ஆண்டின் பெரும்பகுதியைக் கழிக்கிறார்கள். நம் கடல் பெரும்பாலான மாதங்களில் 26 முதல் 30 டிகிரி வரை இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலத்தில் அடிநீர் மேலெழும்பும்போது அது சில டிகிரி குறையும் என்றாலும், ஆனி ஆடியில் கடல் அடிக்கிற அடியில் பொழுதுபோக்குக்காக இறங்குவதைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை. பாரசீக வளைகுடாவின் வடபகுதியோ குளிர்காலத்தில் 20 டிகிரிக்கும் கீழே போய்விடும். இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் முக்குளிப்போர் கூடும் ஸ்டோனி கோவ் என்னும் நீர் நிரம்பிய கல்குவாரியில் குளிர்கால நீர் பத்து டிகிரிக்குள்தான் இருக்கும். ஐஸ்லாந்தின் சில்ஃப்ரா பிளவில் ஆண்டு முழுவதும் 2 முதல் 4 டிகிரிதான். நீரின் குளிர் உடையை மாற்றுகிறது. உடை பூட்ஸை மாற்றுகிறது. பூட்ஸ் ஃபின்னை மாற்றுகிறது.

குதிகாலையும் சேர்த்து மூடுகிற முழுப்பாத ஃபின், வெறுங்காலிலோ மெல்லிய சாக்ஸ் அணிந்தோ போடுவதற்கானது. எடை குறைவு, விலையும் பெரும்பாலும் குறைவு, கால் அசைவு நேரடியாகத் தகட்டுக்குப் போய்ச் சேரும். படகிலிருந்து இறங்கி, படகிலேயே ஏறுகிற இடங்களில், அதாவது லட்சத்தீவு, அந்தமான் போன்ற தெளிந்த சூடான கடல்களில், இதைவிட வசதியானது கிடையாது. ஆனால் நம் மாவட்டத்தின் மேற்குக் கரையில் கரையிலிருந்து இறங்க நினைப்பவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். கடலரிப்பைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுக் கற்களிலும் இயற்கைப் பாறைகளிலும் கொட்டலசு என்னும் கூரிய ஓட்டுயிரியும் சிப்பியும் அப்பிக் கிடக்கின்றன. இடுக்குகளில் கடல் முள்ளெலி இருக்கும். சிப்பி எடுக்கப் போகிற நம் கடற்கரை ஆட்களுக்கு எந்தக் கல்லில் கால் வைக்கலாம் என்பது சிறுவயதிலிருந்தே பழக்கம். நகரத்திலிருந்து வருகிறவர் முழுப்பாத ஃபின்னைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலில் அந்தக் கற்களில் நடந்தால், நீரைத் தொடும் முன்பே பாதம் கிழிந்துவிடும்.

அடுத்தது குதிகால் திறந்த ஃபின். இதில் முன்பாதம் மட்டும் கூட்டுக்குள் நுழையும். குதிகாலைப் பின்னால் ஒரு பட்டை பிடித்துக்கொள்ளும். கெட்டியான அடிப்பாகம் கொண்ட நியோப்ரீன் பூட்ஸை அணிந்துதான் இதைப் போட வேண்டும். பூட்ஸ் 3 மி.மீ., 5 மி.மீ., 7 மி.மீ. என்ற தடிமன்களில் கிடைக்கிறது. நம் கடலுக்கு 3 மி.மீ. தாராளம், குளிருக்காக அன்றி, கல்லுக்காகவே அதை அணிகிறோம். குளிர்நீரில் வெட் சூட்டோடு, அதாவது உள்ளே நீர் புகுந்தாலும் சூட்டைக் காக்கும் நியோப்ரீன் உடையோடு, இறங்குகிறவர்கள் 5 அல்லது 7 மி.மீ. அணிவார்கள். டிரை சூட்டில் இரண்டு வகை உண்டு: சில சூட்டுகளில் பூட்ஸ் உடையோடு ஒட்டியே வரும், வேறு சிலவற்றில் காலுறை போன்ற முனை மட்டும் இருக்கும், அதற்கு மேல் கயிறு கட்டும் தனிக் காலணியை அணிய வேண்டும். இரண்டுக்குள்ளும் தடித்த கம்பளிக் காலுறை இருக்கும் என்பதால், மொத்தத்தில் பாதம் உங்கள் வழக்கமான அளவைவிடக் கணிசமாகப் பெருத்துவிடும்.

அளவெடுப்பதில்தான் பணம் வீணாவது அதிகம். நம் செருப்புக் கடைகளில் சொல்கிற 8 என்ற எண் பிரிட்டிஷ் அளவை ஒட்டியது. ஃபின்னில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் ஐரோப்பிய எண்; அதில் அதே கால் ஏறத்தாழ 42 ஆகும். அமெரிக்க எண்ணில் அது 9 ஆகிவிடும். குதிகால் திறந்த வகைகளிலோ எஸ், எம், எல் என்ற எழுத்துகள் மட்டும்தான், அவையும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆகவே எண்ணை நம்பாமல் சென்டிமீட்டரை நம்புங்கள். கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், சுவரில் குதிகால் படும்படி ஒரு தாளின் மேல் நின்று, நீளமான விரலின் நுனியில் கோடு போட்டு அளந்துகொள்ளுங்கள். பாதத்தின் அகலமான இடத்தையும் அளக்க வேண்டும். செருப்புப் போட்டே வளர்ந்த பரந்த பாதங்கள் நம்மில் பலருக்கு உண்டு. ஒடுக்கமான கூடுகள் கொண்ட சில ஃபின்கள் நீளத்தில் சரியாக இருந்தாலும் பக்கவாட்டில் நெரிக்கும்.

குதிகால் திறந்த ஃபின்னைக் கடையில் போட்டுப் பார்க்கிறபோது பூட்ஸை அவசியம் கொண்டுபோங்கள். முடிந்தால் நனைத்துக்கொண்டே போங்கள், ஏனென்றால் காய்ந்த நியோப்ரீன் கூட்டுக்குள் இறங்காமல் முரண்டு பிடிக்கும், சரியான அளவே சிறியது போலத் தோன்றும். பட்டையை மாட்டாமல் பாதத்தை மட்டும் உள்ளே தள்ளுங்கள். கூட்டின் விளிம்பு குதிகாலுக்கு அருகில் வந்து நிற்க வேண்டும். பாதத்தின் நடுவிலேயே நின்றுவிட்டால் கூடு சிறியது. உதைக்கும்போது தகடு காலுக்குக் கட்டுப்படாது. குதிகாலும் முழுதாக உள்ளே போய்விட்டால் கூடு பெரியது. பிறகு பட்டையை மாட்டி, உட்கார்ந்தபடி காலைத் தூக்கி இடமும் வலமும் ஆட்டுங்கள். தகடு பாதத்தோடு ஒன்றாகத் திரும்ப வேண்டும், பாதம் திரும்பிய பிறகு தகடு வரக்கூடாது. விரல்களை உள்ளே அசைக்க முடிய வேண்டும். கூடு தளர்வாக இருந்தால், ஃபின் கழன்றுவிடாமல் இருக்க விரல்கள் தம்மையறியாமல் மடங்கிப் பிடித்துக்கொள்ளும். அரை மணி நேரத்தில் உள்ளங்காலில் பிடிப்பு வந்துவிடும்.

இரண்டு நீருக்கும் ஒரே ஜோடி போதுமா என்பதே பலரும் கேட்பது. 3 மி.மீ. பூட்ஸும் 5 மி.மீ. பூட்ஸும்தான் உங்கள் வரம்பு என்றால் போதும். தடித்த பூட்ஸுக்குப் பொருந்தும் கூட்டை வாங்கி, மெல்லிய பூட்ஸ் அணிகிற நாளில் உள்ளே ஒரு நியோப்ரீன் சாக்ஸைச் சேர்த்துக்கொண்டால் இடைவெளி அடைந்துவிடும். டிரை சூட் வரம்புக்குள் வந்துவிட்டால் இந்த உபாயம் எடுபடாது. அந்தப் பருத்த காலணிக்கான கூட்டில் 3 மி.மீ. பூட்ஸ் அணிந்த கால் ஆடிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு என் யோசனை இது: அயர்லாந்திலோ இங்கிலாந்திலோ தங்கி அடிக்கடி குளிர்நீரில் இறங்குகிறவர் கனமான ஃபின்னை அங்கேயே, தம் டிரை சூட் காலணியைப் போட்டுப் பார்த்து வாங்கட்டும், விடுமுறைக்கு ஊர் வரும்போது பயன்படுத்த, எளிய ஜோடி ஒன்றை இங்கே வைத்திருக்கட்டும். இங்கேயே வசிக்கிறவர் எப்போதாவது ஒருமுறை குளிர்நாட்டுக்குப் போவதற்காகக் கனமான ஃபின் வாங்கத் தேவையில்லை. டிரை சூட்டை வாடகைக்குக் கொடுக்கிற இடத்தில் அதற்குப் பொருந்தும் ஃபின்னும் வழக்கமாகக் கிடைக்கும்.

குளிர்நீருக்கான ஃபின் கனமாக இருப்பதற்குக் காரணம் காற்று. டிரை சூட்டுக்குள் இருக்கும் காற்று உடலின் எந்தப் பகுதி மேலே இருக்கிறதோ அங்கே ஓடும். கால் சற்று உயர்ந்தால் காற்று பூட்ஸுக்குப் போகும், கால் இன்னும் உயரும், கடைசியில் தலைகீழாக மேலே இழுத்துச் செல்லப்படும் அபாயம் உண்டு. நீரில் மூழ்கும் தன்மையுள்ள கெட்டி ரப்பர் ஃபின் பாதத்தைக் கீழே பிடித்துவைக்கிறது. 1960-களில் வந்த ஜெட் ஃபின் வகையை இன்றும் குளிர்நீர்க்காரர்கள் விடாமல் வைத்திருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மிதக்கும் பிளாஸ்டிக் ஃபின்னைப் போட்டுக்கொண்டு கணுக்காலில் ஈயக்கட்டிகளைக் கட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. ஒவ்வொரு உதைக்கும் அந்த எடையையும் சேர்த்து ஆட்ட வேண்டியிருப்பதால் எனக்கு அது உவப்பில்லை. நம் கடலில், மெல்லிய உடையில், இதே கனமான ஃபின் நேரெதிர் வேலையைச் செய்யும்: கால் தாழ்ந்து, உடல் சாய்ந்து, தகடு அடிமணலைக் கிளறும். சில்ஃப்ராவில் இருப்பது நன்னீர் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். நன்னீர் கடல்நீரைவிட அடர்த்தி குறைந்தது. கடலில் மட்டுமட்டாக மிதந்த ஃபின் அங்கே மூழ்கும்.

பட்டையிலும் குளிர் குறுக்கிடும். பக்கிளை அழுத்தி இறுக்குகிற ரப்பர் பட்டை, வெறுங்கைக்குச் சிரமமில்லை. 5 மி.மீ. கையுறைக்குள் விறைத்துப்போன விரல்களுக்கு அந்தச் சிறிய பொத்தான் அகப்படவே அகப்படாது. துருப்பிடிக்காத எஃகுச் சுருளாலான ஸ்பிரிங் பட்டையில் இறுக்குவதற்கு எதுவும் இல்லை. குதிகாலில் உள்ள வளையத்தைப் பிடித்து இழுத்து மாட்ட வேண்டியதுதான். சூடான கடலிலும் இது பயன்படும், குறிப்பாக நம் ஃபைபர் வள்ளங்களில். அவற்றில் ஏணி இருப்பது அரிது. நீரில் இருந்தபடியே ஒரு கையால் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையால் ஃபின்னைக் கழற்றி மேலே கொடுக்க வேண்டும். அப்போது ஒற்றை இழுப்பில் வருகிற பட்டையின் அருமை தெரியும்.

தகட்டைப் பொறுத்தவரை, விறைப்பே முக்கியம். மேலும் கீழுமாக அடிக்கிற சாதாரண உதைக்கு நடுத்தர விறைப்பு போதும். நடுவில் பிளந்த தகடு முழங்காலுக்கும் கெண்டைக்காலுக்கும் இதமானது. ஆனால் தவளை உதைக்கும் பின்னோக்கி நகர்வதற்கும் ஒத்துழைக்காது. குமரிமுனையைச் சுற்றிலும் நீவாடு (நீரோட்டம்) வலுத்து ஓடும்போது மிருதுவான தகடு வளைந்துகொடுக்குமே தவிர, உந்தாது. டிரை சூட் நீரில் அதிக இழுவையை உண்டாக்குவதால் குளிர்நீரிலும் சற்று விறைத்த தகடு வேண்டும். பிளாஸ்டிக்கும் ரப்பரும் குளிரில் தாமாகவே கொஞ்சம் விறைக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இருந்தாலும் காலின் வலுவுக்கு மீறிய விறைப்பை யாரும் வாங்க வேண்டாம். ஒரு குளத்திலோ அமைதியான கடலிலோ பத்து நிமிடம் தொடர்ந்து உதைத்துப் பார்த்தால், கெண்டைக்கால் தானே சொல்லிவிடும். நீச்சல் குளம் வைத்திருக்கும் பயிற்சி மையங்கள், கேட்டால் போட்டுப் பார்க்கக் கொடுப்பதுண்டு. நமக்கு அருகில், திருவனந்தபுரத்தை அடுத்த கோவளத்தில் பயிற்சி மையங்கள் இருக்கின்றன.

விமானப் பயணம் உண்டென்றால் எடையையும் பாருங்கள். உள்நாட்டு விமானங்கள் பலவற்றில் 15 கிலோதான் அனுமதி. கெட்டி ரப்பர் ஃபின் ஜோடி ஒன்றே 3 கிலோவை நெருங்கும்.

பராமரிப்பில் நம் ஊருக்கென்று ஒரு தொல்லை உண்டு. மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணல் மிக நுண்ணியது, கனமானது. பக்கிளின் பொத்தானுக்கு அடியில் போய் உட்கார்ந்தால் குலுக்கினாலும் வராது. கரையேறியதும் நன்னீர் வாளியில் ஃபின்னை மூழ்கவைத்து, பொத்தானைப் பலமுறை அழுத்தி விடுவியுங்கள். வெயிலில் காயப்போடாமல் நிழலில் உலர்த்துங்கள், மூடிய காருக்குள் விட்டுவைக்காதீர்கள். தகட்டின் நுனியில் நிறுத்திவைத்தால் சில மாதங்களில் அது வளைந்துவிடும். படுக்கவைக்கவோ பட்டையில் தொங்கவிடவோ செய்யலாம். புது முழுப்பாத ஃபின்னுக்குள் வருகிற பிளாஸ்டிக் அச்சைத் தூக்கி எறியாமல் வைத்திருந்து, பயன்படுத்தாத நாட்களில் உள்ளே செருகிவையுங்கள். பழைய ஃபின்னை விலைக்கு வாங்குகிறவர்கள் பட்டையை நீளவாக்கில் இழுத்து, பக்கிளுக்கு அருகில் மயிரிழை வெடிப்புகள் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். வெடிப்பு இருந்தால் பட்டையை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் அந்த மாடலுக்குப் பட்டை இப்போதும் கிடைக்கிறதா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள், கிடைத்தால் இரண்டாக வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.