முதியோர் உடல்பருமன்: நாடுகளை ஒப்பிடும் முன் உயரத்தைக் கவனியுங்கள்

அமெரிக்க முதியவர்களில் இத்தனை சதவீதம் பேருக்கு உடல்பருமன், ஐரோப்பாவில் இத்தனை என்று ஒரு படம் கண்ணில் பட்டால் எனக்கு முதலில் எழும் கேள்வி: உயரத்தை அளந்தார்களா, கேட்டு எழுதினார்களா? ஏன் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

படி 1: பிஎம்ஐ, அதாவது உடல் நிறை குறியீட்டைப் போடுங்கள். கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு தடவை வகுக்க வேண்டும். 30 அல்லது அதற்கு மேல் வந்தால் உடல்பருமன் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

72 கிலோ எடையுள்ள ஒரு பாட்டி என்று வைத்துக்கொள்வோம். உயரம் கேட்டால் 156 சென்டிமீட்டர் என்கிறார். அது இளவயதில் அளந்தது. கணக்கு 29.6 என்று வருகிறது, பருமன் இல்லை. செருப்பைக் கழற்றச் சொல்லிச் சுவரோரம் நிறுத்தி அளந்தால் 152தான். வயதாக ஆக முதுகெலும்பின் இடைவட்டுகள் தேயும், முதுகு கூனும். இப்போது பிஎம்ஐ 31.2. எடை கூடவே இல்லை, ஆனால் பாட்டி பருமன் பட்டியலுக்குப் போய்விட்டார்!

படி 2: தரவு எப்படி வந்தது என்று பாருங்கள். ஐரோப்பாவின் 'ஷேர்' என்ற முதியோர் ஆய்வு 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் உயரத்தையும் எடையையும் கேட்டு எழுதுகிறது. இந்தியாவின் 'லாசி' ஆய்வு (முதல் சுற்று 2017-18, 45 வயதுக்கு மேல்) நேரில் அளந்தது. அமெரிக்காவின் 'எச்.ஆர்.எஸ்.' ஆய்வு கேட்டும் எழுதுகிறது, அளக்கவும் செய்கிறது. 2006 முதல் வழக்கமாக ஒவ்வொரு சுற்றிலும் பாதிப் பேரை அளக்கிறார்கள். ஆகவே ஷேரோடு ஒப்பிட எச்.ஆர்.எஸ்.ஸில் கேட்டு எழுதியதை எடுங்கள், லாசியோடு ஒப்பிட அளந்ததை எடுங்கள். கலந்துவிட்டால் அப்புறம் எந்தச் சூத்திரமும் காப்பாற்றாது.

படி 3: ஒரே வரம்பு. இந்தியாவிலும் ஜப்பானிலும் 25 தொட்டாலே பருமன் என்று சொல்லும் வழக்கம் உண்டு. ஒப்பீட்டுக்கு எல்லா நாட்டுக்கும் 30 வையுங்கள். 25ஐத் தனி அட்டவணையாகக் கொடுங்கள்.

படி 4: வயதைச் சமன்செய்யுங்கள். கற்பனையாக, இரு நாடுகளிலும் 60-74 வயதில் 30%, 75க்கு மேல் 20% பேருக்குப் பருமன். முதல் நாட்டில் இந்த இரு வயதினரும் 80-20 விகிதத்தில் இருந்தால் மொத்தம் 28%. இரண்டாவதில் சரிபாதி என்றால் 25%. வித்தியாசம் போலத் தெரியும், உண்மையில் இல்லை. இரண்டுக்கும் 70-30 என்று ஒரே வயது விகிதத்தை வைத்துக் கணக்கிட்டால் இரண்டுமே 27%.

படி 5: இடுப்பைச் சுற்றி ஒரு டேப். முதுமையில் தசை கரைந்து கொழுப்பு சேர்வதை பிஎம்ஐ காட்டாது. இடுப்பளவு தரவில் இருந்தால் விடாதீர்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்ட பிறகு அளப்பதுதான் முறை. தொப்புளை ஒட்டி அளந்த ஆய்வுகளும் உண்டு. அவற்றை இதோடு சேர்க்காதீர்கள்.