எலியின் ஈரலில் நானோ துகளைத் தேடுவது எப்படி?

பச்சையாய் ஒளிரும் சாயம் ஏற்றிய நானோ துகளை எலிக்கு ஊசியில் போட்டு, அது ஈரலுக்குப் போனதா என்று பார்க்கக் கிளம்பினேன். பறக்கும் ரயிலில் தரமணி போய், கன்ஃபோகல் என்ற லேசர் மைக்ராஸ்கோப்பில் இரண்டு மணி நேர ஸ்லாட் வாங்கி, ஈரல் முழுக்கப் பச்சையாய் மின்னும் படத்தோடு திரும்பினேன். கைடு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஊசி போடாத எலியோட ஸ்லைடு எங்கேப்பா?" அதை எடுத்துப் பார்த்தால், அதுவும் அதே பச்சை!

படி 1: பிஎல்ஜிஏ போன்ற பாலிமர் துகள் என்றால் ஈரல் துண்டை மெழுகில் பதிக்காதீர்கள். அந்த வேலையில் வரும் ஆல்கஹாலும் சைலீனும் சாயத்தைக் கழுவிவிடலாம். உறையவைத்து, கிரையோஸ்டாட்டில் (குளிரிலேயே சீவும் கருவி) 10 மைக்ரான் தடிமனில் வெட்டுங்கள்.

படி 2: ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஸ்லைடு டப்பாவை உடனே திறக்காதீர்கள். சென்னைக் காற்றில் ஐஸ் தண்ணீர்ச் சொம்பு மாதிரி வியர்த்துவிடும். அறைச் சூடு வந்தபிறகு திறக்கலாம். அப்புறம் செல்லின் உட்கருவைக் காட்ட டாப்பி என்ற நீலச் சாயம், மேலே கவர் ஸ்லிப்.

படி 3: நான் வழுக்கி விழுந்த இடம் இது. ஈரலில் லிப்போஃபுசின், ஃபிளேவின் என்று தானாகவே ஒளிரும் பொருட்கள் உண்டு. 488 நானோமீட்டர் லேசர் பட்டால் அவையும் பச்சையாகத் தெரியும். அதனால் ஊசி போடாத எலியின் ஸ்லைடை முதலில் வையுங்கள். அது கிட்டத்தட்ட இருட்டாகும்வரை லேசரையும் கெயினையும் (ஒளியைப் பெருக்கிக் காட்டும் அளவு) குறையுங்கள். அந்த எண்களை நோட்டில் குறித்துக்கொண்டு, கடைசி ஸ்லைடுவரை கை வைக்காதீர்கள். சாயம் வாங்கும் நிலையில் இருந்தால் பச்சையை விட்டுவிட்டு, சிவப்பின் கோடியில் ஒளிரும் சை5 சாயம் வாங்குங்கள். அந்தக் கோடியில் ஈரலின் சொந்த ஒளி ரொம்பக் குறைவு.

படி 4: படத்தை அலச ஃபிஜி மென்பொருள் போதும், இலவசம். ஆனால் 'ஆட்டோ' பொத்தானைத் தொட்டால் ஒவ்வொரு படமும் தனித்தனியாக வெளுக்கும், ஒப்பிடவே முடியாது. எல்லாப் படத்துக்கும் வெளிச்ச அளவை ஒன்றாகவே வையுங்கள். ஜேபெக் வேண்டாம், டிஃப்பாகச் சேமியுங்கள்.

பிற்சேர்க்கை: ஒரு புள்ளி என்றால் ஒரு துகளா என்று கேட்டிருந்தார்கள். இல்லை. சாதாரண ஒளி மைக்ராஸ்கோப் சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழே பிரித்துக் காட்டாது. நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் குப்ஃபர் செல் (ஈரலில் அந்நியப் பொருளை விழுங்கும் செல்) விழுங்கிய ஒரு கொத்து. துகளைவிட்டுக் கழன்ற சாயமாகவும் இருக்கலாம். தனித்துகள் வேண்டுமென்றால் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்தான்.

இரும்பு ஆக்சைடு துகளைத் தேட, இரும்பை நீலமாகக் காட்டும் பெர்ல்ஸ் நீலம் போட்ட ஒருவருக்கு மண்ணீரல் முழுக்க நீலமாம். பழைய சிவப்பணுக்களைத் தின்று இரும்பைச் சேர்த்து வைப்பது மண்ணீரலின் வேலை. ஊசி போடாத எலியின் ஸ்லைடு எங்கேப்பா?