தொல்லியல் நிகழ்ச்சிக்குக் குழு அமைப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செட்டிநாட்டு வீடுகளின் ஆத்தங்குடித் தளத்தையும் தேக்குத் தூண்களையும் படம்பிடித்த குழுவையே கண்மாய்க்கரையிலுள்ள முதுமக்கள் தாழிகளைப் படம்பிடிக்கவும் அனுப்புவதுதான் முதல் தவறு. தொகுப்பாளர், ஒளிப்பதிவாளர், பேட்டிக்கு ஒரு தொல்லியலாளர் என மூவர் போதாது. பிரிட்டனில் 1994இல் சேனல் 4 ஒளிபரப்பத் தொடங்கிய 'டைம் டீம்' நிகழ்ச்சியில் ஓர் இடத்தை மூன்றே நாளில் தோண்டிக் காட்டினார்கள் என்றால், அகழாய்வாளரோடு புவி இயற்பியலாளர், நிலத்தோற்ற ஆய்வாளர், பானை ஓட்டு வல்லுநர், ஓவியர் ஆகியோரும் களத்தில் உடனிருந்ததே காரணம். இங்கே அனுமதி பெற்று முறையாக நடக்கும் அகழாய்வைப் படம்பிடிக்கலாமே தவிர, நிகழ்ச்சிக்காகத் தோண்டக்கூடாது.

தோண்டாமலே மண்ணுக்கடியில் இருப்பதை அறிய உதவும் கருவியை வாடகைக்கு எடுத்துவிட்டு, அதன் பதிவைப் படிக்கத் தெரிந்தவரை விட்டுவிடுவதும் தவறுதான். செட்டிநாட்டுப் பகுதியின் செம்பூராங்கல் நிலத்தில் இரும்பு மிகுதி என்பதால் காந்தமானியின் அளவுகள் குழம்பக்கூடும். ஈரக் களிமண்ணில் ரேடார் அலை ஆழமாக இறங்காது. எந்தக் கருவியை எந்தப் பருவத்தில் கொண்டுவருவது என்பதைப் புவி இயற்பியலாளரே முடிவு செய்யட்டும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, காலத்தைக் கணிக்க உதவும் கரித்துண்டைத் தொகுப்பாளர் உள்ளங்கையில் ஏந்திக் காட்டும் காட்சி. கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரிதான் பொது ஆண்டுக்கு முன் (பொ.ஆ.மு.) 580 என்ற காலத்தைத் தந்தது. அத்தகைய மாதிரியைக் கைபடாமல், சுத்தமான கரண்டியால் எடுத்து, அலுமினியத் தாளில் பொதிந்து, ஆழத்தையும் மண்ணடுக்கையும் உடனே எழுதிவைக்க வேண்டும். கைவியர்வையும் எண்ணெய்ப் பசையும் சிகரெட் சாம்பலும் பட்டால் காலக்கணிப்பே ஐயத்துக்கு உள்ளாகும். மாதிரி எடுப்பவர் வேலையை முடிக்கும்வரை கேமரா காத்திருக்கட்டும்.

பிள்ளையார்பட்டிக் குடைவரையில் பெருந்தச்சன் ஒருவரின் பெயரைத் தாங்கிய பழங்கல்வெட்டு உள்ளது. இத்தகைய எழுத்தைப் படிக்கக் கல்வெட்டு ஆய்வாளர் வேண்டும். எழுத்து தெளிவாகத் தெரிவதற்காக மாவோ சுண்ணாம்போ தேய்ப்பது கல்லுக்குக் கேடு. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தாலே வெட்டுகள் நிழலோடு எழும்பித் தெரியும்.

சல்லடையில் மண் அலசும் உள்ளூர்ப் பெண்களை வெறும் கூலியாட்களாகக் காட்டுவது பெரும் பிழை. எள்ளளவு மணியையும் பானை ஓட்டில் கீறிய குறியையும் பெரும்பாலும் முதலில் காண்பது அவர்களே. அவர்களிடமும் பேட்டி எடுத்து, நிகழ்ச்சியின் இறுதிப் பெயர்ப்பட்டியலில் வல்லுநர்களோடு அவர்கள் பெயரையும் சேர்க்க வேண்டும்.