கடற்காற்றில் அக்ரிலிக் காயாமல் இருக்க நான் செய்தது

சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் தங்கி வரைந்த நாட்களில் என்னைப் படுத்தியது தண்ணீரில் கரைத்துப் பூசும் அக்ரிலிக் வண்ணம்தான். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966-இல் தொடங்கிய இந்தக் கிராமம் சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் கடலை ஒட்டி இருக்கிறது. வெளியே கான்வாஸை நிறுத்தும் ஸ்டாண்டைப் போட்டு வானத்துக்கு ஒரு நீலம் கலந்தால், பாதி பூசுவதற்குள் தட்டில் ஆடை படிந்துவிடும். நீர் ஆவியாகித்தான் அக்ரிலிக் காய்கிறது. காற்றில் ஈரம் இருந்தாலும், வெயிலும் வீச்சும் சேர்ந்தால் அது சீக்கிரம் இறுகிவிடும். தண்ணீர் தெளித்தால் கொஞ்சம் தாங்கும். அதிகமானால் நிறத்தை ஒட்டவைக்கும் பிசின் நீர்த்து, நிறம் கான்வாஸில் சரியாகப் பிடிக்காது.

சரிசெய்தது இப்படி: மூடி உள்ள தட்டையான டப்பாவில் நனைத்த மெல்லிய ஸ்பாஞ்ச், அதன்மேல் கேக் செய்யப் பயன்படும் பட்டர் பேப்பர். நிறங்களை அதில் வைத்தால் கீழிருந்து ஈரம் மெல்ல ஏறிக்கொண்டே இருக்கும். ஸ்பாஞ்சில் தண்ணீர் தேங்கக் கூடாது, நிறம் ஓடிவிடும். மூடி வைத்தால் மறுநாளும் அதே நீலம் கிடைக்கிறது. எனக்கு இது பெரிய நிம்மதி. கடலின் நிறத்தை இரண்டாம் முறை அப்படியே கலப்பது அவ்வளவு கடினம்.

அப்புறம் காற்று. நடுப்பகலை ஒட்டிக் கடற்காற்று ஏறினால் கான்வாஸ் பாய்மரம்போல இழுக்கும். ஸ்டாண்டின் நடுவில் மணல் நிரப்பிய துணிப்பையைத் தொங்கவிட்டேன், தரையை லேசாகத் தொடும்படி. தொடாவிட்டால் பை ஊசலாடி ஸ்டாண்டையே ஆட்டும். காலை வெயில் கான்வாஸின் பின்னாலிருந்து ஊடுருவி நிறத்தை மாற்றிக் காட்டியதற்கு, பின்பக்கம் ஒரு அட்டை செருகினேன். பழைய காலண்டர் அட்டையே போதும்.