இரண்டு ஜிடிஎக்ஸ் 1080 டிஐ கார்டுகளை எஸ்எல்ஐ-யில் ஓட்டுவது எப்படி

எஸ்எல்ஐ என்பது என்விடியாவின் இரண்டு கிராஃபிக்ஸ் கார்டுகளைச் சேர்த்து ஒரே கேமை ஓட்டும் முறை. அதற்கு டிரைவரில் அந்தந்த கேமுக்கான அமைப்பு, அதாவது ப்ரொஃபைல், வேண்டும். 2021 ஜனவரி முதல் ஆர்டிஎக்ஸ் 20 வரிசைக்கும் அதற்கு முந்தைய கார்டுகளுக்கும் என்விடியா புது எஸ்எல்ஐ ப்ரொஃபைல் சேர்ப்பதில்லை. அதனால் புதிய கேம்களுக்காக இரண்டாவது கார்டு வாங்குவது வீண்செலவு. ஏற்கெனவே ஒரு 1080 டிஐ இருந்து, பழைய கேம்களை 4கே-யில் ஆட ஆசைப்பட்டால், தொடர்ந்து படியுங்கள்.

வாங்குவதற்கு முன், ஆஃப்டர்பர்னர் என்ற கண்காணிப்பு மென்பொருளில் ஜிபியு (கார்டின் கிராஃபிக்ஸ் சிப்) பயன்பாட்டைப் பாருங்கள். ஆடும்போது 95 சதவீதத்தைத் தாண்டவில்லையா? அப்படியானால் தடை பெரும்பாலும் பிராசஸரில்தான். இன்னொரு கார்டு உதவாது.

மதர்போர்டு எஸ்எல்ஐ-யை ஆதரிக்க வேண்டும், கார்டு செருகும் இரு ஸ்லாட்டுக்கும் எக்ஸ்8 (எட்டு தரவுப் பாதைகள்) வேகமாவது கிடைக்க வேண்டும். பல போர்டுகளின் கடைசி ஸ்லாட் எக்ஸ்4 மட்டுமே. அதில் செருகினால் எஸ்எல்ஐ தேர்வே தோன்றாது. கார்டு ஒவ்வொன்றும் 250 வாட் இழுக்கும், ஆகவே தரமான 850 வாட் பவர் சப்ளை தேவை. ஒரே கேபிளின் இரட்டைத் தலையை நம்பாமல், ஒவ்வொரு பவர் சாக்கெட்டுக்கும் தனிக் கேபிள் கொடுங்கள். இரு கார்டுகளையும் இணைக்கும் பிரிட்ஜ், ஹெச்பி (HB) வகையாக இருக்கட்டும். ஸ்லாட் இடைவெளியை அளந்துவிட்டு வாங்குங்கள்.

பழைய டிரைவரை சேஃப் மோடில் டிடியு (DDU) என்ற டிரைவர் நீக்கும் மென்பொருள் கொண்டு துடைத்துவிட்டு, கணினியை அணைத்து, கார்டையும் பிரிட்ஜையும் பொருத்துங்கள். மானிட்டர் மேல் கார்டில் இருக்கட்டும். டிரைவரை நிறுவியபின் என்விடியா கண்ட்ரோல் பேனலில் எஸ்எல்ஐ பக்கத்துக்குப் போய் ‘மேக்சிமைஸ் 3டி பெர்ஃபாமன்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். கேமை முழுத்திரையில் ஓட்டுங்கள். பார்டர்லெஸ் விண்டோவில் (திரையை நிரப்பும் ஓரமற்ற ஜன்னலில்) இரண்டாவது கார்டு பெரும்பாலும் தூங்கும்.

இரு கார்டுகளும் ஃப்ரேம்களை மாற்றி மாற்றி வரைகின்றன. ஒரே டெக்ஸ்சர் (பொருள்களின் பரப்புப் படம்) இரண்டிலும் இருந்தாக வேண்டும் என்பதால் 11 ஜிபி நினைவகம் 22 ஆகாது. முந்தைய ஃப்ரேமைக் கேட்கும் டிஏஏ (TAA, விளிம்புகளை மென்மையாக்கும் முறை) போன்ற விளைவுகளுக்கு ஒரு கார்டு மற்றதற்காகக் காத்திருக்க வேண்டிவரும். லாபம் அங்கேதான் கரையும். டிஏஏ-யை அணைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்) எண் உயர்ந்தும் படம் வெட்டி வெட்டி நகர்ந்தால் அது மைக்ரோ ஸ்டட்டர், அதாவது ஃப்ரேம்கள் சீரற்ற இடைவெளியில் வருகின்றன. ரிவாட்யூனர் என்ற மென்பொருளில் சராசரி எஃப்பிஎஸ்ஸைவிடச் சற்றுக் குறைவாக ஃப்ரேம் வரம்பு வையுங்கள்.

மேல் கார்டு 84 டிகிரியைத் தொட்டால் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பக்கவாட்டு மூடியைத் திறந்து சோதியுங்கள்: சூடு இறங்கினால் கேபினட்டில் காற்றோட்டம் போதவில்லை, முன்பக்கம் இன்னொரு ஃபேன் போடுங்கள்.