வாடகை வீட்டுக் கடனை மாற்றப் போய், மாற்றாமல் வந்த கதை

திருநகரில் வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டின் கடனில் 18 லட்சம், 11 வருடம் பாக்கி. 2017-இல் வாங்கியதால் இன்னும் பழைய எம்.சி.எல்.ஆர். (வங்கி தன் நிதிச் செலவை வைத்துப் போடும் வட்டி) கணக்கில் 9.6 சதவீதம். கடனை அங்கே மாற்றினால் 8.4 என்று வேறு வங்கி கடிதம் தந்ததும், மாதம் 1,190 ரூபாய் குறையுமே என்று மச்சான் துள்ளினார். ஆனால் புராசசிங் கட்டணம், வக்கீல் கருத்து, பத்திரத்தை அடமானம் வைக்கும் பதிவுச் செலவு எல்லாம் சேர்த்தால் 32,000! அதை எடுக்கவே 27 மாதம் ஆகும். வீட்டை ரெண்டு வருடத்தில் விற்கும் யோசனை வேறு இருக்கிறது.

அப்புறம் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு என் வங்கிக்கே போய், ரெப்போவோடு (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) இணைத்த வட்டிக்கு மாற்றித் தரக் கேட்டேன். 8.7 தந்தார்கள். கட்டணம் 5,900, மாதம் சுமார் 900 மிச்சம். ஏழாவது மாதமே போட்ட காசு வந்துவிடும். பத்திரமும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.